ஒரே பட்டி, பல கப்பிகள்: மோட்டார் வாகனத்தில் பட்டி மாற்றும் முறை



நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை ஊடாக வலப்பனைக்கு வரும் வீதியில் நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். பனிமூட்டமான காலை வேளையில் வாகனத்தை இயக்கியதும் பொனற்றின் உள்ளேயிருந்து "கீச்" என்ற ஒலி எழுந்து, சிறிது நேரத்தில் அடங்குவதையும் கேட்டிருக்கக்கூடும். பெரும்பாலும் அது ஈரமான அல்லது தளர்ந்த பட்டி கப்பியின் மீது வழுக்கும் ஒலியாகும்.

பட்டி மூலம் வலுவைக் கடத்துதல் மலையகத்துக்குப் புதிதன்று. பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் கூரையை ஒட்டிய நீண்ட தண்டு ஒன்றிலிருந்து தட்டையான பட்டிகள் கீழிறங்கி, கொழுந்து அரைக்கும் உருளைகளைச் சுழற்றின. கண்டி ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலையில் அக்காலத்து இயந்திரங்களைப் பார்க்கலாம். அதே தத்துவமே இன்று காரின் பொனற்றின் கீழும் உள்ளது.

1. பாம்புருப் பட்டி என்பது யாது?

முன்னைய வாகனங்களில் ஒவ்வொரு துணைக் கருவிக்கும் தனித்தனி 'வி' வடிவப் பட்டி இருந்தது. பின்னர் பல கப்பிகளை வளைந்து வளைந்து சுற்றிச் செல்லும் ஒரே பட்டி வழக்கத்துக்கு வந்தது. 1979ஆம் ஆண்டின் ஃபோர்ட் முஸ்டாங் கார் இதனைப் பயன்படுத்திய முதல் வாகனமாகக் கருதப்படுகிறது. பாம்பு போல வளைந்து செல்வதால் இது பாம்புருப் பட்டி எனப்படும். இதன் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் வரிகள் இருக்கும். மறுபக்கம் மட்டமாக இருக்கும். வரிகள் கப்பியின் தவாளிப்புகளில் பொருந்துவதால் பிடிப்பு அதிகரிக்கும்.

எஞ்சினின் கிராங் தண்டிலுள்ள கப்பி இப்பட்டியை இழுக்க, பட்டி பின்வருவனவற்றை இயக்கும்:

• பற்றரிக்கு மின்னேற்றும் மின்பிறப்பாக்கி
• எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பி
• சுக்கானைத் திருப்ப உதவும் எண்ணெய்ப் பம்பி
• வளிச்சீராக்கியின் அமுக்கி

எல்லா வாகனங்களிலும் இந்நான்கும் இருப்பதில்லை. சிலவற்றில் நீர்ப்பம்பியை எஞ்சினுக்குள் உள்ள நேரப்பட்டி இயக்கும். நேரப்பட்டி வேறு, பாம்புருப் பட்டி வேறு. நேரப்பட்டியை வீட்டில் கழற்றலாகாது. 2009இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் போன்ற சில கலப்பின வாகனங்களில் துணைக் கருவிகளை இயக்கும் பட்டியே இல்லை. அவை மின்னால் இயங்குகின்றன.

2. பட்டி அறுந்தால் நிகழ்வது

ஏற்றத்தில் வாகனம் தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறும்போது எஞ்சின் அதிக வெப்பத்தை வெளிவிடும். அவ்வேளையில் பட்டி அறுந்தால் பற்றரி விளக்கு எரியும். சுக்கான் திடீரெனக் கனக்கும். நீர்ப்பம்பி அப்பட்டியால் இயங்குவதாயின் சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். சில டீசல் வான்களில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பி மின்பிறப்பாக்கியின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டுள்ளது. அவற்றில் பட்டி அறுந்தால் பிரேக் மிதியும் கடினமாகும். வளைவுகள் நிறைந்த இறக்கத்தில் இது உயிராபத்தானது. எனவே பட்டி அறுமுன்னரே அதனை மாற்றுதல் வேண்டும்.

3. தேய்வை அறிதல்

பழைய வகை நியோபிரீன் இறப்பர்ப் பட்டிகளில் வரிகளுக்குக் குறுக்கே வெடிப்புகள் தோன்றும். ஏறத்தாழ 75 மி.மீ. நீளத்துக்குள் ஒரே வரியில் மூன்று வெடிப்புகள் காணப்பட்டால் பட்டியை மாற்ற வேண்டும். இப்போதைய ஈ.பி.டி.எம். இறப்பர்ப் பட்டிகள் எளிதில் வெடிப்பதில்லை. சைக்கிள் டயரைப் போல வரிகள் தேய்ந்து போகின்றன. ஆகவே, "வெடிப்பு இல்லை, பட்டி நல்லது" என முடிவு செய்தல் பிழையாகும். எண்ணெய் படிதல், நூல் வெளித்தெரிதல், வரி பிய்ந்திருத்தல் என்பனவும் மாற்றவேண்டியதற்கான அடையாளங்களாகும்.

4. திசையை அறிதல் (மிக முக்கியம்)

பட்டியின் வரிப்பக்கம் தொடும் கப்பிகள் யாவும் கிராங் கப்பி சுழலும் திசையிலேயே சுழலும். பட்டியின் மட்டமான பின்பக்கம் தொடும் கப்பிகள் எதிர்த்திசையில் சுழலும்.

நீர்ப்பம்பி பின்பக்கத்தால் இயங்கும் ஓர் எஞ்சினில், அதன் மீது பட்டியைத் தவறாக வரிப்பக்கம் படும்படி மாட்டினால் பம்பி எதிர்த்திசையில் சுழலும். சில எஞ்சின்களில் தவறான வழியிலும் பட்டி பொருந்திவிடும். இறுக்கம் சரியாகவே தோன்றும், ஒலியும் கேளாது, எஞ்சினும் இயங்கும். ஆனால் நீர் போதியளவு சுற்றி ஓடாது. வீட்டு முற்றத்தில் தெரியாத பிழை இராகலை ஏற்றத்தில் வெப்பமானியில் தெரியும். ஆகவே ஸ்பனரை எடுக்குமுன் பென்சிலை எடுங்கள். பட்டி செல்லும் வழியை வரைந்து கொள்ளுங்கள்.

5. மாற்றும் படிமுறை

இவ்வேலையை அனுபவமுள்ள பெரியவர் ஒருவருடன் மட்டுமே செய்க.

(1) வாகனத்தை மட்டமான இடத்தில் நிறுத்திக் கைபிரேக்கை இடுக. சில்லுக்குக் கல் வைக்குக. திறப்பை வெளியே எடுக்குக. எஞ்சின் ஆறும்வரை காத்திருக்குக. பற்றரியின் மறை முனையைக் கழற்றுக.
(2) பொனற்றின் கீழ் ஒட்டப்பட்டுள்ள வரைபடத்தைப் பார்க்குக. இல்லையேல் கப்பிகளையும் பட்டி செல்லும் வழியையும் வரைக.
(3) தன்னியக்க இழுவைக் கப்பியை ஸ்பனரால் திருப்புக. பட்டி தளர்ந்ததும் எட்டக்கூடிய கப்பி ஒன்றிலிருந்து அதனைக் கழற்றுக. வில் விசையுடன் திரும்புமாதலால் ஸ்பனரை மெதுவாக விடுக.
(4) ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றிப் பார்க்குக. கரகரப்போ ஆட்டமோ இருப்பின் போதிகை தேய்ந்துள்ளது. அதனைத் திருத்தாமல் புதிய பட்டியை மாட்டுவதில் பயனில்லை.
(5) புதிய பட்டியைப் பழையதுடன் ஒப்பிடுக. "6 பீகே 1200" என்பது 6 வரிகளையும் 1200 மி.மீ. நீளத்தையும் குறிக்கும். வரிகளுக்கிடைத் தூரம் 3.56 மி.மீ. ஆதலால் அதன் அகலம் ஏறத்தாழ 21 மி.மீ. ஆகும். பழைய பட்டி சற்று நீண்டிருக்கலாம். எனவே இலக்கத்தையே நம்புக.
(6) வரைபடத்தின்படி பட்டியை மாட்டி, எளிதில் எட்டும் கப்பியை இறுதியாக விடுக. இழுவைக் கப்பியைத் திருப்பி அதிலும் மாட்டுக.
(7) ஒவ்வொரு வரியும் தவாளிப்பில் அமர்ந்துள்ளதா என விரலால் தடவிப் பார்க்குக. ஒரு வரி வெளியே நின்றாலும் பட்டி விரைவில் பிய்ந்துவிடும்.
(8) பற்றரி முனையைப் பூட்டி, விலகி நின்று, எஞ்சினைச் சில விநாடிகள் இயக்குக. நிறுத்தியபின் மீண்டும் பரிசோதிக்குக.

கவனிக்க: எஞ்சின் இயங்கும்போது பட்டியைத் தொடவே கூடாது. தொங்கும் துணி, சால்வை, கட்டாத கூந்தல் என்பன பட்டியில் சிக்கும். கீச்சொலியை நிறுத்தச் சவர்க்காரம் பூசுதல் பரிகாரமன்று. கையால் இறுக்கும் வகைகளில் பட்டியை மிகையாக இறுக்கினால் போதிகை கெடும். தளர்வாக விட்டால் பட்டி வழுக்கும்.

6. மாதிரி வினாக்கள்

வினா 1: எஞ்சின் கப்பியின் விட்டம் 150 மி.மீ. மின்பிறப்பாக்கிக் கப்பியின் விட்டம் 60 மி.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுகள் சுழன்றால் மின்பிறப்பாக்கியின் வேகம் யாது?

விடை: 150 × 800 = 60 × வேகம்
வேகம் = 120000 ÷ 60 = நிமிடத்துக்கு 2000 சுற்றுகள்.
(வழுக்கல் இல்லை எனக் கொள்ளப்பட்டுள்ளது. எஞ்சின் மெதுவாக இயங்கும்போதும் பற்றரிக்கு மின்னேற்றுவதற்காகவே மின்பிறப்பாக்கிக் கப்பி சிறிதாக அமைக்கப்படுகிறது.)

வினா 2: பட்டி கப்பியை அதிக கோணத்தில் சுற்றியிருப்பதன் நன்மை யாது?

விடை: பட்டி கப்பியை அழுத்தும் பகுதி கூடுவதால் உராய்வுப் பிடிப்பு அதிகரிக்கும், வழுக்கல் குறையும்.

வினா 3: பட்டியைக் கழற்றுமுன் அதன் வழியை வரைவது ஏன்?

விடை: பட்டியின் எப்பக்கம் கப்பியைத் தொடுகிறது என்பதே கப்பியின் சுழற்சித் திசையைத் தீர்மானிப்பதால்.

மூன்றாம் வினாவுக்கான விடையை மனனம் செய்தால் மட்டும் போதாது. அயலில் ஒரு வாகனத்தின் பொனற் திறந்திருக்கக் கண்டால், எஞ்சின் நிறுத்தப்பட்டபின் உரிமையாளரிடம் கேட்டுப் பட்டியின் வழியை நீங்களே வரைந்து, ஒவ்வொரு கப்பிக்கும் திசைக்குறி இட்டுப் பாருங்கள். பரீட்சையில் எத்தனை கப்பிகள் தரப்பட்டாலும் தயங்கமாட்டீர்கள்.