குழாயடியில் பேசுவதை கூட்டத்தில் பேசுவோம்!



விடிந்ததும் நமக்கு முதல் கவலை எது? தண்ணீர் வருமா, வராதா? அடுத்தது, குப்பை வண்டி வந்துவிட்டதா? அதற்கடுத்து வாசல் கால்வாய் அடைத்துக்கொண்டு நாறுகிறதா? சாயங்காலம் ஆனால், தெருவிளக்கு எரிகிறதா, டியூஷன் போன பெண் பத்திரமாக வந்து சேருவாளா?

இந்த நாலு கவலைக்கும் பதில் டெல்லியிலும் இல்லை, கோட்டையிலும் இல்லை. நம் ஊர் நகராட்சியில் இருக்கிறது. ஆனாலும் பாருங்கள், உள்ளாட்சி என்று யாராவது ஆரம்பித்தால், "அதெல்லாம் அரசியல், ஆம்பளைங்க சமாசாரம்" என்று நம்மில் பலர் எழுந்து அடுப்படிக்குப் போய் விடுகிறோம். அடுப்படிக்கு வரும் தண்ணீரே அந்த ஆபீஸ் சமாசாரம்தான் என்பதை மறந்து விடுகிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் இருப்பது வேலப்பன்சாவடி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள், திருவேற்காடு கருமாரியம்மன் கோவிலுக்குத் திரும்பும் இடம் என்று எங்கள் ஊரை அடையாளம் சொல்வார்கள். எங்களுக்கு நகராட்சியும் திருவேற்காடுதான். நான் பத்தாவது வரைதான் படித்தவள். பேப்பரில் வருவதை விடாமல் படிப்பேன், புரியாததை பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்து கொள்வேன். அப்படித் தெரிந்து கொண்டதில் நமக்கு உபயோகமானதை இங்கே சொல்கிறேன்.

நகராட்சி என்பது யாரோ தயவு பண்ணி நடத்தும் ஆபீஸ் இல்லை. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. நகர உள்ளாட்சிகள் பார்க்க வேண்டிய வேலை என்று 18 வேலைகளை அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். குடிதண்ணீர், துப்புரவு, குப்பை, சாலை, தெருவிளக்கு, பூங்கா, பிறப்பு இறப்புப் பதிவு, சுடுகாடு வரைக்கும் அதில் உண்டு. பிறந்த குழந்தைக்கு சர்ட்டிபிகேட் வாங்குவதில் ஆரம்பித்து, கடைசிப் பயணம் வரை அந்த ஆபீஸ் இல்லாமல் நமக்கு ஒன்றும் நடக்காது.

அதே சட்டத்தில்தான் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 1996-ல் தேர்தல் நடந்தது. அதுவரை வீட்டு வாசல் தாண்டாத எத்தனையோ பெண்கள் அந்த வருஷம் பஞ்சாயத்துத் தலைவி ஆனார்கள், கவுன்சிலர் ஆனார்கள். 2016-ல் நம் மாநிலத்தில் அதைப் பாதியாக்கி சட்டம் போட்டார்கள். ஆனால் அந்த வருஷம் தேர்தல் நின்று போய், நகரங்களில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லை. தனி அதிகாரிகள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 2022 பிப்ரவரி 19-ந்தேதி 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 489 பேரூராட்சிகளுக்கு ஓட்டுப்பதிவு நடந்தது. 21 மேயர் பதவியில் 11 பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். சென்னையில் 28 வயதுப் பெண் பிரியா மேயர் ஆனார். 1957-ல் தாரா செரியன், 1971-ல் காமாட்சி ஜெயராமன், அதற்கப்புறம் ஐம்பது வருஷம் கழித்து மூன்றாவதாக ஒரு பெண் அந்த அங்கியைப் போட்டுக் கொண்டார்.

சரி, நாற்காலி கிடைத்து விட்டது. அந்த நாற்காலிக்கு எதிரே போய் நின்று கேள்வி கேட்கிற இடத்தில் நாம் இருக்கிறோமா? அங்கேதான் இடிக்கிறது.

பல ஊர்களில் போர்டில் இருப்பது கவுன்சிலர் அம்மா பெயர், பேச்செல்லாம் அவர் வீட்டுக்காரர் பேச்சு என்று எல்லோரும் கேலி பண்ணுகிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குறை சொல்லப் போகிறவர்களும் ஆண்கள்தானே? அவர்கள் போனதும், "சார் இருக்காரா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்த அம்மா காபி போட உள்ளே போய் விடுகிறார். நாம் பத்துப் பெண்கள் சேர்ந்து போய், "மேடம், உங்ககிட்டதான் பேசணும்" என்று சொன்னால், அவரே பேசித்தானே ஆக வேண்டும்? நாம் போகப் போகத்தான் அவருக்கும் தைரியம் வரும். அவரும் நம்மைப் போல தண்ணீர் பிடித்து, குப்பை கொட்டி வந்தவர்தான். சொன்னால் அவருக்குப் புரிவது போல வேறு யாருக்குப் புரியும்?

என் நாத்தனார் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். சின்ன டவுன், பெயர் வேண்டாம். பஸ் ஸ்டாப்பில் இருந்து அவர்கள் தெருவுக்கு வரும் வழியில் மூன்று கம்பங்களில் விளக்கு எரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள், கணக்கு டியூஷன் முடிந்து ஏழரை மணிக்கு வருவாள். இரண்டு நாள் யாரோ பைக்கில் பின்னாலேயே வந்திருக்கிறான். வீட்டில் சொன்னாள். அப்பா என்ன முடிவு எடுத்தார் தெரியுமா? டியூஷனை நிறுத்தி விட்டார்! அந்தப் பெண் அழுதிருக்கிறாள். "விளக்கு எரியலன்னா விளக்கைத்தானே போடணும்? என் படிப்பை ஏன் அணைக்கிறீங்க?" என்று கேட்டாளாம்.

அந்த ஒரு கேள்வி தெருப் பெண்களைச் சுட்டு விட்டது. என் நாத்தனார் உட்பட ஏழு பேர் உட்கார்ந்து ஒரு மனு எழுதினார்கள். "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை" என்று மொட்டையாக எழுதவில்லை. மூன்று கம்பங்களிலும் எழுதியிருந்த நம்பரைக் குறித்துக் கொண்டு, எத்தனை நாளாக எரியவில்லை, எந்த நேரத்தில் பெண் பிள்ளைகள் அந்த வழியாக வருகிறார்கள் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, இரண்டு காப்பி எடுத்துப் போனார்கள். ஒன்றைக் கொடுத்து விட்டு, இன்னொன்றில் சீலும் தேதியும் வாங்கிக் கொண்டார்கள். பத்து நாளில் விளக்கு எரிந்தது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பாடம் போய் விட்டது. ஆனாலும் டியூஷன் தொடர்ந்தது, பிளஸ் டூவில் நல்ல மார்க்கும் வாங்கினாள்.

ஒரு பல்பு எரியாததால் ஒரு பெண்ணின் படிப்பு நின்று போக இருந்தது. இதைவிடப் பெரிய அரசியல் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

கிராமத்தில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு கிராம சபை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாள் இருந்தது. 2022-ல் மார்ச் 22 தண்ணீர் தினத்தையும், நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆறாக்கினார்கள். டவுனில் இருக்கிற நமக்கு அப்படி ஒன்று இல்லாமல் இருந்தது. 2022-ல்தான் அதற்கு விதி கொண்டு வந்தார்கள். கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி, வார்டைப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பகுதி சபா. அந்த வருஷம் நவம்பர் 1-ந்தேதி பகுதி சபாக்கள் கூடின. தாம்பரம் மாநகராட்சி பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். கேரளாவில் 1994-ல் போட்ட நகராட்சி சட்டத்திலேயே வார்டு சபை வந்து விட்டது. அங்கே 1998-ல் ஆரம்பித்த குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் அக்கம்பக்கத்தார் கூட்டமாகவே கூடிப் பேசிப் பழகியவர்கள். வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் சேகரிக்கும் ஹரித கர்ம சேனையிலும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களால் முடிகிறது, நம்மால் முடியாதா?

கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடமோ, நகராட்சி ஆபீசிலோ கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். நடக்கவில்லை என்றால், "எப்ப நடத்தப் போறீங்க?" என்று கேட்பதும் நம் உரிமைதான். போகும்போது தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள். ஒருவர் தண்ணீர், ஒருவர் கால்வாய், ஒருவர் குப்பை, ஒருவர் விளக்கு என்று முன்கூட்டியே பிரித்துக் கொண்டால் கூச்சல் இல்லாமல் பேசலாம். பேசியது தீர்மானத்தில் ஏறியதா என்று பார்த்து விட்டு வாருங்கள்.

இன்னும் சில விஷயங்கள், நம் கைக்காசும் பிள்ளைகளின் எதிர்காலமும் சம்பந்தப்பட்டவை:

* குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய கட்டணம் கிடையாது. ஆஸ்பத்திரியில் பதிவாகி விடும், ஆனால் பெயர் வைக்காததால் பெயர் இல்லாமல் பதிவாகும். அந்தப் பெயரை ஒரு வருஷத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். எங்கள் தெருவில் ஒரு அம்மா, பெண்ணுக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் சர்ட்டிபிகேட்டில் பெயர் இல்லை என்று பார்த்தார். பெண்ணுக்கு அப்போது 14 வயது முடியப் போகிறது! ஓடி ஓடிச் சேர்த்தார். 2023 அக்டோபர் 1-ந்தேதியும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளியில் சேர்க்க, லைசென்ஸ் எடுக்க, ஓட்டர் லிஸ்டில் பெயர் சேர்க்க, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம் என்று சட்டத்தைத் திருத்தி விட்டார்கள். அதனால் இன்றே பீரோவைத் திறந்து பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள். பெயர் இருக்கிறதா, எழுத்து சரியா, அப்பா அம்மா பெயர் சரியா என்று பாருங்கள்.

* சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஏப்ரல், அக்டோபர் இரண்டு மாதங்களிலும் 30-ந்தேதிக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். சீட்டுக்காசை தேதி தவறாமல் கட்டுகிற நமக்கு இதை ஞாபகம் வைப்பது கஷ்டமா என்ன? காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.

* மனு கொடுத்து மாதக்கணக்கில் பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தில், "இன்ன தேதியில் கொடுத்த என் மனு மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று ஒரு வெள்ளைத் தாளில் கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வக்கீல் வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் குறை தீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம்.

* எல்லாவற்றையும் நகராட்சி தலையில் போட்டால் சரியா? 2016-ல் வந்த குப்பை விதியிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே பிரித்துத் தரச் சொல்லி விட்டார்கள். நாப்கினையும் குழந்தை டயப்பரையும் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். நாம் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டிக் கொடுத்தால், அதைக் கையால் பிரிப்பது யார்? நம்மைப் போல ஒரு பெண்தான். காய்கறித் தோலையும் நாப்கினையும் ஒன்றாகக் கட்டும்போது அந்தக் கையை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அதே மாதிரி கால்வாயில் பிளாஸ்டிக் கவரைப் போட்டு விட்டு, மழை வந்தால் "தண்ணி போகலையே" என்று புலம்பி என்ன பயன்?

"இதெல்லாம் செய்ய நேரம் எங்கே இருக்கு? சமையல், துணி, பிள்ளைங்க ஹோம் ஒர்க்கு இதுவே சரியா இருக்கு" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. நியாயம்தான். ஆனால் தண்ணீர் வராத நாளில் குடத்தைத் தூக்கிக் கொண்டு அலைகிற நேரம் எவ்வளவு? கொசுக்கடியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற நேரம் எவ்வளவு? அந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், ஒரு மனு எழுதி விடலாம்.

"வீட்டுக்காரர் திட்டுவார்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சண்டை போடாதீர்கள். அவரையும் கூட்டிக் கொண்டு போங்கள். ஆனால் எழுந்து நின்று பேசுவது நீங்களாக இருங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நின்றது என்று உங்களுக்குத்தான் தெரியும். அவர் அப்போது தூங்கிக் கொண்டிருந்திருப்பார்!

உள்ளாட்சித் தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் நம் வாசலில்தான் கும்பிட்டு நிற்பார்கள். அன்றைக்கு, "பகுதி சபா கூட்டத்தை ஒழுங்கா நடத்துவீங்களா? அந்த அம்மா தானே பேசுவாங்களா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். குழாயடியில் மணிக்கணக்காக நாம் பேசுவதில் பாதியைக் கூட்டத்தில் பேசினால் போதும், நம் தெரு தானாக மாறும்.

என்ன தோழிகளே, அடுத்த கூட்டத்துக்குப் போவோமா?

- ஒரு இல்லத்தரசி, வேலப்பன்சாவடி.