அட்டையில் எரியும் வெயில்

கத்திரி வெயிலில் வானூர், திண்டிவனம் பக்கம் வெப்பமானி 40 டிகிரியைத் தொடும் நாளில், கொடைக்கானலில் அது 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். உயரம் ஏற ஏறக் குளிரும் என்பது தெரிந்த சங்கதி. அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஏரியையும் பாறைத் தூண்களையும் பார்த்துவிட்டுத் திரும்பும் பலருக்கு, அதே ஊரில் 2,343 மீட்டர் உயரத்தில், சூரிய ஆய்வகத்தையொட்டி ஒரு வானிலை நிலையம் வேலை செய்துகொண்டிருப்பது தெரியாது. தெரிந்தவர்களும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மலையுச்சியில் எடுக்கும் கணக்கால் கீழே மணிலாவும் சவுக்கும் போட்டிருப்பவனுக்கு என்ன ஆகப்போகிறது? இன்றைய மழை நிலவரத்துக்கு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்தக் கணக்கின் மதிப்பு ஒரு நாளில் இல்லை. ஒரே இடத்தில், ஒரே முறையில், விடாமல் எழுதப்பட்ட பல்லாயிரம் நாட்கள் சேர்ந்து நிற்பதில் இருக்கிறது. அதில் ஓர் ஆண்டு விட்டுப்போனால் பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த ஆண்டைத் திரும்ப அளக்க முடியாது.

இந்த நிலையம் பிறந்த கதையே இதற்குச் சான்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குக் காரணம் தேடியவர்களில் சிலர் சூரியனைக் கைகாட்டினார்கள். சூரியனில் கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் மழையும் குறைகிறது என்று பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஹண்டர் 1877-இல் எழுதினார். சூரியனையும் பருவமழையையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. வானியலாளர் மிச்சி ஸ்மித் இடம் தேடிக் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1895-இல் அடிக்கல் நாட்டி, 1899 ஏப்ரல் 1 முதல் ஆய்வகம் வானிலைத் துறையின் கீழ் இயங்கத் தொடங்கியது. பிற்பாடு அதே துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் புள்ளிவிவரங்களை வைத்துச் சோதித்தபோது, கரும்புள்ளியை நம்பி மழையைச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. தொடங்கிய நோக்கம் பொய்த்தது, பதிவு பொய்க்கவில்லை. கரும்புள்ளிகளில் வாயு ஆரவாட்டில் வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் கண்டதும் இங்கேதான். நூறாண்டுக்கு மேற்பட்ட சூரியப் படங்களை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். எதற்குப் பயன்படும் என்று முன்கூட்டித் தெரியாமலேயே ஒழுங்காக எழுதி வைத்ததன் பலன் இது.

மலை நிலையத்தின் கோடை நாள் காலை 8.30-க்குச் சூடு பிடிக்கும். உலக நேரத்தில் அது காலை 3 மணி. எல்லா நாட்டு நிலையங்களும் ஒரே கணத்தில் அளக்க வேண்டும் என்பதற்காக வைத்த நேரம். முந்தைய நாள் மழை இத்தனை மில்லிமீட்டர் என்று நம் மாவட்டச் செய்தியில் வருவதும் இதே 8.30 கணக்குத்தான். வெள்ளையடித்த சாய்சட்டப் பெட்டியின் கதவைத் திறந்து, உலர்குமிழ் வெப்பமானியையும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியையும் பார்க்க வேண்டும். பார்ப்பவரின் உடல்சூடும் மூச்சும் பாதரசத்தை நகர்த்திவிடும் என்பதால், டிகிரியின் பத்தில் ஒரு பங்கை முதலில் படித்துவிட்டு முழு எண்ணைப் பிறகு படிப்பது பழக்கம். பெட்டியின் கதவு வடக்கே பார்த்திருக்கும், வெயில் உள்ளே விழாமலிருக்க. இந்த விதி வடநாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் எந்தக் காலத்து நண்பகலிலும் பொருந்தும். நமக்கு முழுக்கப் பொருந்தாது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் கொடைக்கானலின் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுகிறது, ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் திரும்புகிறது. அந்த மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், கதவைத் திறந்தால் வெயில் நேரே உள்ளே எட்டிப்பார்க்கும். வானூரிலும் மே மாத நண்பகலில் ஒரு குச்சியை நட்டு இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கருவியும் விதியும் வேறொரு அட்சரேகையில் பிறந்தவை என்பதை அறிந்து, உடலால் வெயிலை மறைத்துக்கொண்டு விரைந்து படிப்பது கண்காணிப்பாளரின் வேலை. பிறகு வானத்தை எட்டுப் பங்காக மனத்தில் பிரித்து எத்தனை பங்கு மேகம், என்ன வகை, எவ்வளவு உயரம் என்று எழுத வேண்டும். காலையில் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் வானம் பிற்பகலில் இடியோடு மூடிக்கொள்வது ஏப்ரல், மே மாத வாடிக்கை. மூடுபனி வந்து சூழும்போது ஈரக்குமிழும் உலர்குமிழும் ஒரே எண்ணைக் காட்டும்.

இத்தனை கருவிகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது வெயில் எத்தனை மணி நேரம் அடித்தது என்று பதியும் கண்ணாடிக் குண்டு. சுமார் 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள திண்மையான கண்ணாடிக் கோளம். அதன் பின்னால் வளைந்த உலோகச் சட்டம். சட்டத்தில் மணிக்கோடுகள் போட்ட நீல அட்டை. அவ்வளவுதான். கடிகாரம் இல்லை, மின்சாரம் இல்லை, அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. கோளம் வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கிறது, சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே நகர நகர அந்தப் புள்ளி அட்டையைக் கருக்கிக்கொண்டே போகிறது. மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். 1853-இல் ஜான் கேம்ப்பெல் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டை மரக்கிண்ணத்தில் வைத்துத் தொடங்கியதை, 1879-இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் உலோகச் சட்டமும் அட்டையுமாக மாற்றினார். சூரியனின் சாய்வு ஆண்டு முழுவதும் மாறுவதால் அட்டையில் மூன்று வகை: கோடைக்கு நீண்ட வளைவு, குளிர்காலத்துக்குக் குறுகிய வளைவு, இரவும் பகலும் ஏறக்குறையச் சமமாகும் காலத்துக்கு நேர்பட்டை. சூரியன் மறைந்த பின் பழையதை உருவி, தேதி எழுதி, புதியதைச் செருக வேண்டும். விடியலில் கோளத்தின் மேல் பனி படிந்திருந்தால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் அடித்த வெயில் அடிக்காததாகிவிடும். கோடைக்கால மலை நிலையத்து அட்டை ஒன்றைக் கையில் எடுத்தால், காலைப் பகுதியில் ஒரே சீராகக் கருகிய பள்ளம், நண்பகலுக்குப் பிறகு விட்டுவிட்டு வரும் பொட்டுகள், அப்புறம் வெறும் நீலம் என்று அன்றைய வானம் முழுவதும் தெரியும்.

குறை இல்லாத கருவி அல்ல இது. அடிவானத்து இளவெயில் அட்டையைக் கருக்காது. மேகங்கள் வந்து வந்து விலகும் நாளில் ஒவ்வொரு பொட்டும் கொஞ்சம் அகலமாகவே எரிவதால் கணக்கு கூடுதலாக வரும். இதையே காரணம் காட்டி, மணிக்கணக்கைப் பதிவேட்டில் ஏற்றியபின் அட்டையைக் கழித்துக்கட்டலாம் என்பார்கள். இதை நான் ஒப்பமாட்டேன். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய அட்டைகளை எடுத்து, கருகலின் நீளத்தை விட்டுவிட்டு அகலத்தை அளந்தார்கள். நேர்வெயிலின் உக்கிரத்தை அந்த அகலத்திலிருந்து மதிப்பிட முடியும் என்று 2011-இல் காட்டினார்கள். காற்றில் தூசும் புகையும் எவ்வளவு இருந்தன என்ற கேள்விக்கு, அந்தக் கேள்வியே பிறக்காத காலத்தில் எரிந்த அட்டை பதில் சொல்கிறது. வெறும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்ட நிலையத்துக்கு அந்தப் பதில் கிடையாது.

தானியங்கிக் கருவிகள் வந்துவிட்ட பிறகு ஆள் எதற்கு என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை பெய்ததை நமக்குச் சொன்னது தானியங்கி நிலையம்தான். அந்த இரவில் ஒரு மனிதரை மழைமானி அருகே நிறுத்தியிருக்க முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் இரு சிறு கிண்ணங்கள் மாறி மாறி நிரம்பிச் சாயும் வகைத் தானியங்கி மழைமானி, கொட்டும் மழையில் சாயும் நொடியில் வரும் நீரை விட்டுவிடும்; உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவது அதன் அறியப்பட்ட குணம். இலை அடைத்தாலும் சிலந்தி கூடு கட்டினாலும் அது எண் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அந்த எண்ணைச் சந்தேகிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மலைமேல் ஏன் என்றால், செயற்கைக்கோள் மேலிருந்து மேகத்தின் தலையைப் பார்க்கிறது, பலூன் சில நிமிடங்களில் மலையின் உயரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. மலை மட்டுமே அதே காற்றடுக்குக்குள் நாள் முழுக்க நிற்கிறது. மனிதரும் தவறுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் நல்ல கண்காணிப்பாளர் குறிப்புப் பத்தியில் ‘துணி உலர்ந்திருந்தது’ என்று எழுதி வைப்பார், ஐம்பது ஆண்டு கழித்துத் திருத்த அது போதும்.

இந்தத் தொடர்ச்சி எவ்வளவு எளிதில் அறுபடும் என்பதற்குச் சான்று நம் மலைகளிலேயே உண்டு. நீலகிரியின் தொட்டபெட்டாவில் 1847-இலேயே அளவெடுத்தார்கள். திருவனந்தபுரம் ஆய்வகத்தின் ஜான் ஆலன் புரூன் 1855-இல், பொதிகையின் அகத்தியர் மலை உச்சியிலேயே ஒரு நிலையம் கட்டினார். ஆளும் ஆர்வமும் போனதும் அந்த வரிசைகள் நின்றுபோயின. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியில் 1883 முதல் மணிக்கு மணி, இரவிலும் பனிப்புயலிலும் எழுதினார்கள். பணமில்லை என்று 1904-இல் மூடினார்கள். அந்த ஏடுகளை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் 2017-இல் கணினியில் ஏற்றியபோது, 1904-க்குப் பிந்தைய பக்கங்கள் இருந்திருந்தால் என்ற ஏக்கமே மிஞ்சியது. வானூர் வட்டத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. யாரும் எழுதாமலே மண் அவற்றை வைத்திருந்தது. காற்று அப்படி எதையும் வைத்திருப்பதில்லை. நேற்றைய ஈரப்பதத்தை நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே தானியங்கியை வைப்பதில் சண்டை இல்லை. வைத்த மறுநாளே பழையதைப் பிடுங்குவதில்தான் சண்டை. இரண்டும் ஒரே முற்றத்தில் ஓரிரு ஆண்டாவது சேர்ந்து ஓடினால்தான் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடும். சேர்ந்து ஓடாவிட்டால் கருவி மாறியதை வெப்பம் மாறியது என்று படித்துவிடுவோம். ஓய்வுபெற்றவர் இடத்தை மாதக்கணக்கில் காலியாக விடுவதும் இதே தீங்கைத்தான் செய்கிறது. எந்த நிலையத்தில் பழைய வெயில் அட்டைகள் மிச்சமிருந்தாலும் அவற்றைக் காப்பாற்றுவது பெரிய செலவும் அல்ல: ஒரு ஸ்கேனர், பூஞ்சை பிடிக்காத அலமாரி, பொறுமையான இரண்டு பேர். கொடைக்கானலின் நூறாண்டுச் சூரியப் படத் தகடுகளை ஒவ்வொன்றாக டிஜிட்டல் ஆக்கியவர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகள்தாம். அட்டைகளுக்கு அந்த வேலையில் பாதிகூட ஆகாது.