பாஷாணத்துக்கும் மடியாத உண்ணி

1872-ஆம் ஆண்டு ஜாவாத் தீவின் படேவியாவிலிருந்து கப்பலேறி, ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள டார்வின் துறைமுகத்தில் இறங்கிய மாடுகளின் தோலைப் பற்றிக்கொண்டு அந்நாட்டுக்குள் புகுந்த உண்ணிகள், நாளடைவில் குவீன்ஸ்லாந்து மந்தைகளிலெல்லாம் பரவி, இரத்தத்தை உறிஞ்சியதோடு நில்லாமல், இரத்த அணுக்களைச் சிதைத்து மூத்திரத்தைச் சிவக்க வைக்கும் கொடிய ஜுரத்தையும் பரப்பின. இதற்குப் பரிகாரமாக 1890-களில் பாஷாணம் கரைத்த தொட்டிகள் எழுந்தன. நீண்டு குறுகிய பள்ளத்தின் ஒரு முனையில் தொபுக்கென்று குதிக்கும் மாடு, தலையும் முழுக நீந்திக் கடந்து, மறுமுனைச் சரிவில் மருந்து சொட்டச் சொட்ட ஏறி வரும். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இந்த முறை பலித்தது. ஆனால் 1930-களின் பிற்பகுதியில், முழுகி எழுந்த மாடுகளின் மடியிலும் தொடையிடுக்கிலும் உண்ணிகள் உயிரோடு கொழுத்துத் தொங்கக் கண்டு பண்ணைக்காரர்கள் திகைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் டி.டி.டி. வந்தது, பத்தாண்டு அளவில் அதுவும் தோற்றது. அடுத்து வந்த பாஸ்பரஸ் மருந்துகளுக்கும் 1960-களில் அதே கதிதான்.

அபினி தின்பவன் அதற்குப் பழகுவதுபோல உண்ணியும் விஷத்துக்குப் பழகிக்கொள்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. எந்த உண்ணியும் தன் ஆயுளுக்குள் பழகி வலுப்பெறுவதில்லை. இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி நிலத்தில் விழுந்து, இரண்டாயிரம் மூவாயிரம் முட்டைகளையிட்டு மடிகிறது. இவ்வாறு பெருகும் கோடானுகோடி சந்ததியில், விஷத்தைச் சிதைக்கும் நொதியை மிகுதியாகச் சுரப்பதோ, விஷம் சென்று பற்றும் நரம்பணுவின் அமைப்பில் அற்பமான மாறுதல் உடையதோ, தற்செயலாக ஏதேனும் ஒன்று பிறந்துவிடுகிறது. விஷம் மற்றவற்றையெல்லாம் அழித்து, இதன் வம்சத்துக்கு மாட்டை ஒழித்துக் கொடுக்கிறது. குஞ்சுப் பருவம் முதல் முதிரும்வரை ஏறக்குறைய மூன்று வாரம் ஒரே மாட்டின் மீதே இந்த உண்ணி வாழ்வதால், மேலுள்ள எல்லாப் பருவத்தினவும் ஒருங்கே மருந்துக்கு இலக்காகின்றன. ஆகவே இந்தத் தேர்வு மிகக் கடுமையாகவே நடக்கிறது.

இதில் மிகவும் வியக்கத்தக்கது வேறொன்று. டி.டி.டி.யும், பிற்காலத்தில் வந்த பைரித்ராய்டு மருந்துகளும் நரம்பணுவில் சோடியம் புகும் அதே வாயிலைத்தான் தாக்குகின்றன. ஆகையால், பைரித்ராய்டை ஒருபோதும் கண்டறியாத உண்ணிக் கூட்டங்களிலும், டி.டி.டி.யை வென்ற பாட்டன்மாரின் சொத்தாக, அதைத் தாங்கும் சக்தி ஓரளவு முன்னமே இருந்தது.

புல்வெளியில் மாட்டுக்காகக் காத்திருக்கும் குஞ்சுகள் மருந்து படாமல் தப்பி, விஷத்துக்கு மடியும் பழைய குணத்தைச் சந்ததியில் நிலைநிறுத்துகின்றன. இவ்வளவு நன்மை செய்யும் அந்த மிச்சத்தையும், உண்ணி இருக்கிறதா என்று பாராமலே மந்தை முழுவதையும் ஓயாது முழுக்காட்டுவோர் அழித்துவிடுகிறார்கள். மருந்தை நீர்க்கக் கரைப்பதும் அதற்கிணையான தீங்குதான். தந்தை தாய் இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் எதிர்ப்புக் குணத்தைப் பெற்ற உண்ணிகள், முழு அளவு மருந்தில் மடியக்கூடியவை, அரை அளவில் பிழைத்துக்கொள்கின்றன.

குவீன்ஸ்லாந்தில் நெடுங்காலம் நிலைத்துப் பயன் தந்தது எந்த விஷமும் அன்று; 1933-இல் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பிராமன் இன மாடுகளே. அவற்றின் மூதாதையர், உண்ணி கடித்தால் தோலாலேயே எதிர்த்து நிற்கக்கூடிய, நம் நாட்டுத் திமில் மாடுகள்.