அரியதை அளக்கும் கணக்கு

மதுரையின் நடுவே ஓடும் வைகை, ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கும். மிக அரிதாகக் கரைகடக்கும் பெருவெள்ளத்தின் நிகழ்தகவை, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் பதிவேடுகளைக்கொண்டு மட்டும் அறிய இயலாது. ஆகவே, கணினியில் கற்பனை மழையாண்டுகளை உருவாக்கி, வெள்ளம் தோன்றும் ஆண்டுகளை எண்ணுவர். இதுவே மாண்டி கார்லோ முறை.

நிகழ்வு மிக அரிதாயின் இலட்சக்கணக்கான ஆண்டுகளை உருவாக்க நேரும். இச்சுமையைக் குறைக்க, வெள்ளத்தின் ஏற்றத்தைப் படிகளாகப் பகுப்பர். பாதிக் கரையை நீர் எட்டும் வாய்ப்பு 10இல் 1. அங்கிருந்து முக்கால் கரையை எட்டுவது 10இல் 1. பின்னர்க் கரைகடப்பது 10இல் 1 எனக் கொள்வோம். ஒவ்வொரு படியையும் எட்டியவற்றை மட்டும் பலவாகப் பெருக்கித் தொடர்ந்தால், குறைந்த உழைப்பில் மூன்று வாய்ப்புகளையும் அறியலாம். அவற்றின் பெருக்கற்பலன் 1000இல் 1.

அரியது என்பது வாராதது அன்று. 50 ஆண்டுகளுள் அவ்வெள்ளம் ஒருமுறையேனும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 100இல் 5. கரையையும் பாலத்தையும் கட்டுவோர் கருத வேண்டியது இதனையே.