பூத்தும் காய்க்காத பேரி மரம்

கொடைக்கானல், நீலகிரி மலைப்பகுதிகளில் பல வீட்டுக் கொல்லைகளில் ஒன்றிரண்டு பேரி மரங்கள் நிற்பதைக் காணலாம். குளிர் கழிந்ததும் இம்மரங்கள் கிளை தெரியாவண்ணம் வெண்மலர் பூத்து நிற்கும். ஆயினும், சில கொல்லைகளில் பூவெல்லாம் உதிர்ந்து, காயோ விரல்விட்டு எண்ணும் அளவே தங்கும். "மலட்டு மரம், வெட்டிவிடலாமா?" என்று, சங்கத் தணிக்கைக்கு வரும் எம்மைப் போன்றோரிடமும் அங்கத்தினர்கள் கேட்பதுண்டு. கோடரியை எடுக்குமுன் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

பேரிப் பூவில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒருங்கே அமைந்துள்ளன. எனினும், பெரும்பாலான ரகங்களில் தன் மகரந்தம் தன் சூலைக் கருவுறச் செய்வதில்லை. சூல்தண்டினுள் இறங்கும் மகரந்தக் குழல் அதே ரகத்தைச் சார்ந்ததாயின், அங்கு சுரக்கும் ஒரு பொருள் அதன் வளர்ச்சியைத் தடுத்துவிடுகிறது. ஒரு ரகத்தின் ஒட்டு மரங்கள் யாவும் ஒரே தாய்மரத்தின் கூறுகளே. ஆதலின், அதே ரகத்தில் மற்றொரு மரத்தை நடுவதாலும் பயனில்லை. தனிமரம் தோப்பாகாது என்பது பழமொழி. பேரியின் விஷயத்திலோ, ஒரே ரகமாயின் தோப்பும் தனிமரமே.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 20,000-க்கும் மேற்பட்ட பார்ட்லெட் பேரி மரங்கள் கொண்ட தோட்டமொன்று சரிவரக் காய்க்காமலிருந்தது. 1890-களில் அதை ஆராய்ந்த மெர்டன் வெயிட் என்ற அறிஞர், வேற்று ரக மரங்கள் நின்ற இடங்களை அடுத்தே காய் பிடித்திருப்பதைக் கண்டார். மரங்களில் நோயில்லை, குறைந்தது அயல் மகரந்தமே. அந்தப் பார்ட்லெட் வேறன்று. நம் மலைகளில் வில்லியம்ஸ் என வழங்கும் ரகமே அது.

ஆகவே, கொல்லையில் இரு ரகங்களேனும் இருத்தல் நலம். அவை ஒரே காலத்தில் பூப்பனவாகவும் இருத்தல் வேண்டும். கீபர் ரகம் தன் மகரந்தத்தாலும் ஓரளவு காய்க்கும். அயல் மகரந்தம் கிடைப்பின் விளைவு பெருகும். ஜார்கனெல் ரகத்தின் மகரந்தம் வீரியம் குன்றியது. அது பிற மரத்துக்கு உதவாது. அதனை நடுவோர் வேறிரண்டு ரகங்களை உடன் நடுதல் வேண்டும்.

மகரந்தத்தைச் சுமந்து செல்வது தேனீ. பேரிப் பூவின் தேனில் சர்க்கரை குறைவாதலால், அருகில் இனிய பூக்கள் இருப்பின் தேனீ அங்கே சென்றுவிடும். மழையிலும் கடுங்குளிரிலும் அது வெளிவருவதுமில்லை. எனவே, துணைமரம் 100 அடிக்குள் இருத்தல் நன்று. பூக்கும் நாட்களில் பூச்சிகொல்லி மருந்தை அறவே தெளிக்கலாகாது. சீனாவின் ஹன்யுவான் வட்டாரத்தில் மருந்துத் தெளிப்பு மிகுந்தமையால் தேனீ வளர்ப்போர் பெட்டிகளைக் கொண்டுவர மறுத்தனர். 1980-களிலிருந்து அங்கே மனிதரே மரமேறி, இறகுகளால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவலாயினர். தேனீ கூலியின்றிச் செய்யும் வேலையின் மதிப்பை இதனால் அறியலாம்.

குறை எங்குள்ளது என்பதை அறிய எளிய சோதனை உண்டு. மரம் பூக்கவேயில்லையெனில், காரணம் மகரந்தமன்று. பூத்துக் காய்த்த சில காய்களைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். ஐந்து அறைகளில் அறைக்கு இரண்டாகப் பத்து விதைகள் வரை இருக்கலாம். பெரும்பாலானவை பதராயிருப்பின் மகரந்தம் போதவில்லை எனக் கொள்ளலாம். ஒருபுறம் சூம்பிய காயும் அதையே காட்டும்.

இடமுள்ளோர் வேற்று ரகக் கன்றொன்றை நடலாம். இடமில்லாதோர் இருக்கும் மரத்தின் ஒரு கிளையிலேயே வேற்று ரகத்தை ஒட்டுக்கட்டலாம். அதுவரை, அயல் மரத்தின் பூங்கொம்புகளை நீர் நிறைந்த கலயத்தில் இட்டு, பூத்த மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் அவ்வாண்டின் காயேனும் கிட்டும்.

இதில் சங்கத்தின் துணையும் பெரிது. எவர் கொல்லையில் எந்த ரகம் உள்ளது, எந்நாளில் பூக்கிறது என ஒரு பதிவேடு எழுதி வைத்தால், ஒட்டுக்குச்சிகளை அங்கத்தினர்கள் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். வேலிக்கு அப்பாலுள்ள அண்டைவீட்டாரின் மரமும் நம் மரத்துக்குத் துணையே. ஆதலின், அடுத்த கன்றை வாங்குமுன் அவரிடம் எந்த ரகம் இருக்கிறதென்று கேட்டறிந்து, வேறொன்றை வாங்குங்கள். இரு கொல்லைகளிலும் காய் பெருகும்.