கொழுப்பு சூடாவது எப்படி? விசை மரபணுவுக்கு வெளியே இருக்கிறது



'கொழுப்பு என்றால் சேமிப்பு' என்று எழுதி நிறுத்தினால் அது பாதி விடைதான். சேமிப்பது வெள்ளைக் கொழுப்பு. பழுப்புக் கொழுப்போ எரித்துச் சூடு தரும். பச்சிளங்குழந்தைக்கு இது தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும். நடுங்காமலே உடம்பைச் சூடாக வைத்திருக்கும். பெரியவர்களுக்கும் கழுத்துப் பக்கம் இது உண்டு என்பதை 2009-இல் வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

சூடு எப்படி வருகிறது? மைட்டோகோண்டிரியாவை ஓர் அணைக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய நீர் சுழலி வழியாகப் பாய்ந்தால் மின்சாரம் கிடைக்கும். அதுபோலப் புரோட்டான்கள் ஒரு நொதி வழியாகப் பாய்ந்தால் ஏ.டி.பி. கிடைக்கும். பழுப்புக் கொழுப்பில் யூசிபி1 என்ற புரதம் பக்கத்து மதகைத் திறந்துவிடுகிறது. ஏ.டி.பி. உருவாகாமல் ஆற்றல் வெப்பமாகிவிடும்.

சரி, இந்த யூசிபி1 மரபணு எங்கே இருக்கிறது? கல்லீரல், தோல் என்று உட்கரு உள்ள எல்லா உயிரணுக்களிலும்தான்! ஆனால் அங்கெல்லாம் அது அணைந்தே கிடக்கிறது. பழுப்புக் கொழுப்பில் மட்டும் அதைப் போடுவது குளிர்.

குளிர் பட்டதும் நரம்பு நுனியில் நோர்அட்ரினலின் சுரந்து, கொழுப்பு உயிரணுவின் ஏற்பியைத் தொடும். உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. கூடும், ஒரு நொதி விழித்துக்கொள்ளும். இங்கேதான் கவனம் வேண்டும். இந்த நொதிக்கு இரண்டு வேலை. ஒன்று, கொழுப்பை உடைத்து, ஏற்கெனவே இருக்கும் யூசிபி1-ஐ உடனே முடுக்குவது. மற்றொன்று மெதுவானது: செய்தி உட்கருவுக்குப் போய், பிஜிசி-1ஆல்பா போன்ற புரதங்கள் மரபணுவின் முன்பகுதியில் கூடி, படியெடுத்தலைக் கூட்டும். மரபணுக் கட்டுப்பாடு என்பது இந்த இரண்டாவது வேலைதான். முதலாவதை எழுதிவிட்டு 'மரபணு இயங்கியது' என்றால் விடை தப்பு.

விசை பழுதானால்? உடற்பருமனோடு தொடர்புடையதாக எஃப்டிஓ மரபணுப் பகுதி 2007-இல் தெரியவந்தது. 2015-இல்தான் காரணம் ஓரளவு பிடிபட்டது. அந்தப் பகுதியில் புரதம் எதையும் குறிக்காத ஓரிடத்தில், 'டி' என்ற ஒரே எழுத்து 'சி' ஆகிவிட்டால், அடக்கி வைக்கும் ஏஆர்ஐடி5பி புரதம் அங்கே ஒட்ட முடியாது. தள்ளியிருக்கும் ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 மரபணுக்கள் அதிகமாக இயங்கும். வளரும் கொழுப்பு உயிரணு எரிப்பதை விட்டுச் சேமிக்கப் போய்விடும். ஆய்வுக்கூட உயிரணுக்களில் அந்த எழுத்தைத் திருத்தியபோது வெப்ப உற்பத்தி மீண்டது. அதற்காக, 'இந்த எழுத்து உள்ள எல்லாரும் குண்டாவார்கள்' என்று எழுதிவிடாதீங்க; உணவும் உடலுழைப்பும் இருக்கின்றன.

பயிற்சிக் கேள்வி: பன்றிக்குட்டி குளிரில் நடுங்குவது ஏன்? (குறிப்பு: சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பன்றியின் முன்னோர்களிடம் யூசிபி1 மரபணுவின் ஒரு பகுதி அழிந்துவிட்டது. இங்கே பழுது விசையிலா, மரபணுவிலா?)