விபத்தின் பின்னரும் ஆறாத அச்சம்

வீதி விபத்துகளினால் இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழக்கின்றனர். மரணங்களையும் முறிந்த எலும்புகளையும் நாம் கணக்கிடுகின்றோம். காயம் ஆறிய பின்னரும் வாகனத்தில் ஏற அஞ்சி வீட்டிலேயே முடங்குவோர் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

பிரேக் ஓசை கேட்டதும் உடல் நடுங்குதல், விபத்துக் காட்சி திரும்பத் திரும்பத் தோன்றுதல், அவ்வீதியையே தவிர்த்தல் போன்றவை ஒரு மாதத்துக்கு மேலாக நீடித்து வாழ்வைக் குலைக்குமாயின் அது மனவடு நோயாக இருக்கக்கூடும். இதனைக் கோழைத்தனம் என்று சுற்றத்தார் கேலி செய்வது அறியாமையன்றி வேறில்லை.

அஞ்சியதை விட்டு விலகும்போது அப்போதைக்கு ஆறுதல் கிடைக்கின்றது. ஆனால், அஞ்சியது நிகழாது என மனம் அறிந்துகொள்ளும் வாய்ப்பும் அத்துடன் இல்லாதொழிகின்றது. எனவேதான் அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வதை உளமருத்துவம் சிகிச்சையாகக் கொள்கின்றது. சிக்கல் யாதெனில், மெய்யான வீதி எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. எந்தத் திருப்பத்தில் லொறி குறுக்கிடும் என்பதை யார் அறிவார்?

மெய்நிகர்க் காட்சி உதவுவது இவ்விடத்திலேயே. நோயாளர் தலையில் கருவியை அணிந்து முதலில் நிறுத்தப்பட்ட காரிலும், பின்னர் வெறிச்சோடிய வீதியிலும், அதன்பின் மழையிலும் இரவிலும் நெரிசலிலும் பயணிக்கின்றார். அச்சம் தணியும்வரை ஒரே காட்சியில் தரித்திருக்கவும், தாங்கவியலாதபோது நிறுத்தவும் முடியும். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விபத்தில் தப்பிய அறுவருக்கு இவ்வாறு பத்து அமர்வுகளில் சிகிச்சையளித்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். காட்சிகள் மீளத்தோன்றுவதும் தவிர்த்தலும் உணர்வு மரத்தலும் குறைந்திருந்தன. ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லாத சிறு முயற்சி அது. அதனைக்கொண்டு பெரிதாக முழங்குவதற்கில்லை. அயர்லாந்தில் 2003இல் கடையில் விற்கும் காரோட்டக் கணினி விளையாட்டுகளையே இதற்குப் பயன்படுத்திப் பார்த்தனர். காட்சியுடன் ஒன்றிப்போக எல்லோராலும் இயலவில்லை.

விபத்து நடந்த கையோடு நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்துவது வேறு விடயம். ஒக்ஸ்ஃபோர்ட்டில் விபத்துக்குள்ளானோரிடம் அவ்வாறு ஒரேயொரு அமர்வில் பேசவைத்ததனால் நன்மை விளையவில்லை. ஆரம்பத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தோர் மூன்றாண்டுகளின் பின்னரும் மோசமான நிலையிலேயே இருந்தனர் என 2000இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

விலையுயர்ந்த கருவி எங்கும் கிடைப்பதில்லை. அது இல்லாதவிடத்தும் சிகிச்சை உண்டு. உளமருத்துவரின் வழிகாட்டலில், நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகிலிருக்க, இயந்திரம் முடுக்கப்படாத வாகனத்தில் சில நிமிடங்கள் அமர்ந்திருப்பதிலிருந்தும் அது தொடங்கலாம்.